தூண் உட்கார்ந்த நாற்காலி

மருந்துக் கிடங்கில் பெட்டி இறக்குகிறவர்களில் மூத்தவருக்குத் தூண் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது சம்பளச் சீட்டோடு சரி. லாரிக்கும் வாசலுக்கும் நடுவில் இரண்டு தோளிலும் பெட்டியோடு அவர் நின்றால் கிடங்குக் கூரையே அவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று என்றைக்கோ யாரோ கேலி பேசினார்கள். பேசியவர் வேலையை விட்டுப் போய்விட்டார், கேலி மட்டும் தங்கிவிட்டது. வேலை செய்கிற இடத்தில் அவர் உட்கார்ந்து ஒருவரும் பார்த்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷனை ஒரு சனிக்கிழமை மத்தியானம் சக்கரம் வைத்த நாற்காலியில் உட்காரவைத்து, எழுந்திருக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனான் கம்ப்யூட்டர் தம்பி.

அவர் அன்றைக்கு அந்நேரம் வீட்டில் இருந்திருக்க வேண்டியவர். சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. அதைவிட, அன்றைக்குத்தான் மகள் விமானம் ஏறுகிறாள். கடல் தாண்டி ஒரு முதியோர் விடுதியில் நர்ஸ் வேலை; போனால் மூன்று வருஷத்துக்கு முகம் பார்க்க முடியாது. சாயங்காலம் வேன் வரும். விமான நிலையம் வரைக்கும் நானும் வருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார்.

சொல்வதில் அவரிடம் ஒருநாளும் குறையிருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் மகள் பரிசு வாங்கிய அன்றும் வருகிறேன் என்றுதான் சொன்னார். போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பழக்கதோஷத்தில் அதற்கும் ஒரு கை கொடுத்துவிட்டு வந்தார். நர்ஸ் படிப்புக்கு அவளை விடுதியில் சேர்த்தபோதும் அப்படித்தான், கேட் சாத்தின பிறகு போய்க் கம்பி வழியாகப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் காரணம் ஒன்றே ஒன்று: "லாரி வந்துருச்சும்மா." மகள் சின்ன வயதில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு வீடு கட்டி விளையாடும்போது, அப்பா வேஷம் போடுகிற பிள்ளை "லாரி வந்துருச்சு" என்று சொல்லிவிட்டு ஆட்டத்தை விட்டுப் போய்விட வேண்டும். அதுதான் அப்பா செய்கிற வேலை என்று அவள் சொல்லிக்கொடுத்திருந்தாள். அதை ஒருநாள் மறைவில் நின்று பார்த்தவர், பார்த்ததாக யாரிடமும் சொல்லவில்லை.

இந்தத் தடவை அப்படி ஆகாது என்று ஒரு வாரமாக மனதுக்குள் கட்டி வைத்திருந்தார். அரை நாள் முடிந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும்போதுதான் தம்பி கூப்பிட்டான்.

"அண்ணே, மெஷின் ரூம்ல பழைய பேட்டரி நாலு கிடக்கு. ஒரு கை குடுத்துட்டுப் போயிடுங்க. சும்மா ஒரு நிமிஷ வேலை."

சும்மா என்று ஆரம்பிக்கிற எந்த வேலையும் சும்மா முடிந்ததில்லை. தெரிந்தும் போனார்.

மெஷின் அறை கிடங்கின் மாடியில் ஒரு மூலை. ஜன்னல் கிடையாது. கதவில் மட்டும் முகம் தெரிகிற அளவுக்குக் கண்ணாடி. உள்ளிருந்து கைப்பிடியைத் திருப்பினால் திறக்கும்; விட்டால் தானே சாத்திக்கொள்ளும்; வெளியிலிருந்து திறக்கக் கார்டு வேண்டும். முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்தாலோ, காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு மணி அலறும். உள்ளே பனிக்காலம் மாதிரிக் குளிர். விளக்குகள் மினுக்கிக்கொண்டே இருக்கும். சுவரில் ஒரு பலகை. எழுத்தை அவர் நாற்பது வயதுக்கு மேல், பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டுகளைக் கூட்டிக் கூட்டிக் கற்றுக்கொண்டவர். அதனால் கண்ணில் படுகிற எதையும் முழுக்கப் படிக்காமல் விடமாட்டார். உ-ள்-ளே உ-ண்-ண-க் கூ-டா-து. படித்துவிட்டு, சாப்பாட்டுப் பையை ஆணியில் மாட்டினார்.

பேட்டரிகளை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பியபோது, தம்பி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

"என்ன தம்பி, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"வீட்டப் பூட்டிச் சாவிய உள்ள வெச்சிட்டேண்ணே."

"எந்த வீட்ட?"

தம்பி திரையைக் காட்டினான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, கடைசியில் கண்சிமிட்டுகிற ஒரு கட்டம்.

விஷயம் இதுதான். எந்த மருந்துப் பெட்டி எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த லாரியில் என்பதெல்லாம் வேறொரு ஊரில் இருக்கிற சர்வருக்குத்தான் தெரியும். இத்தனை நாளும் பாஸ்வேர்டு தெரிந்த யாரும் எங்கிருந்தும் அதற்குள் போகலாம். மேற்பார்வையாளர் கட்டிலில் படுத்துக்கொண்டே போவார். அவர் மச்சானுக்குக்கூட அந்தப் பாஸ்வேர்டு தெரியும்.

"போன வாரம் பாத்தா, எவனோ வெளியாளு ராத்திரி பூரா கதவத் தட்டிக்கிட்டே இருக்கான். இந்தப் பேரு, இந்தப் பாஸ்வேர்டு, இல்லன்னா அடுத்தது, அதுவும் இல்லன்னா அடுத்ததுன்னு. முதலாளிகிட்ட சொன்னேன். எல்லாத்தையும் சாத்துன்னாரு. சாத்திட்டேன். இனிமே நம்ம கிடங்கு இன்டர்நெட் லைன்ல இருந்து வந்தாத்தான் உள்ள விடும்."

"நல்ல காரியம்தானே?"

"ஒவ்வொரு லைனுக்கும் ஒரு நம்பர் உண்டுண்ணே, வீட்டுக்கு இருக்கிற மாதிரி. அந்த நம்பரத்தான் 'இவன மட்டும் விடு'ன்னு எழுதி வைக்கணும். நான் பழைய லைனோட நம்பர எழுதிட்டேன். லைன மாத்தி ஒரு வாரம் ஆகுது. மாத்தச் சொன்னதே நான்தான்."

ஆப்பை அசைத்த குரங்கின் கதையை நினைத்து அவருக்குச் சிரிப்பு வந்தது. பையனின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"அப்ப இது என்ன? இது உள்ளதானே இருக்கு?"

"இது சாத்தறதுக்கு முன்னாடியே உள்ள போன ஆளு. வர்றவனத்தான் கதவு தடுக்கும், உள்ள இருக்கிறவன ஒண்ணும் பண்ணாது. மிச்சம் இருக்கிறது இவன் ஒருத்தன்தான்."

"அப்ப இவன விட்டே பூட்டத் திறக்கச் சொல்லுங்க."

"இவன் வெறும் ஆளுண்ணே. பூட்ட மாத்தணும்னா பெரிய பாஸ்வேர்டு வேணும். அதக் காலைலதான் புதுசா மாத்தினேன், என் மண்டைக்கே ஏறாத நீளம். ஒண்ண உறையில போட்டு ஒட்டி முதலாளி வீட்ல குடுத்தேன். என்கிட்ட இருந்தத, வேலை முடிஞ்சதும் தாள் அரைக்கிற மெஷின்ல விட்டுட்டேன்."

"முதலாளிக்குப் போனப் போடுங்க."

"அவரு பறந்துக்கிட்டு இருக்காரு. ராத்திரிதான் இறங்குவாரு."

வீட்டுக்குப் போட்டான். முதலாளியம்மா எடுத்தார். சத்தமாகக் கேட்கும்படி வைத்தான்.

"அம்மா, நான் கம்ப்யூட்டர் ஆளு பேசறேன். காலைல ஒரு உறை குடுத்தேனே, அதப் பிரிச்சு..."

"யாரு கேட்டாலும் போன்ல சொல்லக் கூடாதுன்னு ஒரு தம்பி சொல்லிட்டுப் போச்சுப்பா."

"அந்தத் தம்பிதாம்மா நான்."

"நானே கேட்டாலும் சொல்லாதீங்கன்னும் சொல்லிச்சு. குரல மாத்திப் பேசி ஏமாத்துவாங்களாம்."

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். "நேர்ல வந்தா தருவீங்களாம்மா?"

"வாங்க. மூஞ்சியப் பாத்துத் தர்றேன்."

போனை வைத்ததும் தூண் சொன்னார்: "நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்க."

சிரிக்கிற நிலையில் தம்பி இல்லை. அந்தத் திரை சும்மா விட்டால் கொஞ்ச நேரத்தில் தானே மூடிக்கொள்ளும். அந்த விதியையும் அவன்தான் போட்டிருந்தான். மூடிவிட்டால் வேறு ஊருக்குப் போய்ச் சர்வர் முன்னால் உட்கார்ந்தால்தான் திறக்கும்; அந்தக் கட்டடத்தைத் திங்கட்கிழமைதான் திறப்பார்கள். அதுவரை கிடங்கிலிருந்து ஒரு பெட்டி நகராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போகவேண்டியது சர்க்கரை நோயாளிகளுக்கான ஊசி மருந்து. அந்தப் பெட்டிகளைக் குளிர் அறையில் அடுக்கியவர் தூண்தான்.

"பாட்டு ஒண்ணு முடியறதுக்குள்ள இந்த என்டர் பொத்தான ஒரு தட்டு. அவ்வளவுதாண்ணே. வேற எதையும் தொடாதீங்க."

"பாரமா எதையாவது மேல வெச்சுட்டு ரெண்டு பேரும் போனா?"

"நழுவிச்சுன்னா? அழுத்தியே கிடந்து வேற ஏதாவது ஆச்சுன்னா? எனக்கே தெரியாதுண்ணே. இன்னொரு தப்புக்கு எனக்குத் தெம்பில்ல. மனுஷன் கை வேணும்."

"இன்னைக்கு எம்பொண்ணு கிளம்புதுப்பா."

"தெரியும்ணே. வேன் வர்றதுக்குள்ள வந்துருவேன். போன கால் வந்த கால்."

கட்டடத்தில் வேறு யாரும் இல்லை. வாசல்காரர் வாசலை விட்டு வரமுடியாது. பையனுக்கு உதடு நடுங்கியது. தூணுக்கு வாயில் வந்தது என்னவோ பழைய சொல்தான்: "சரி, போயிட்டு வாங்க. நான் இருக்கேன்."

கதவு சாத்திக்கொண்டது. அவனுடைய கார்டு ஒன்றுதான் இனி அதைத் திறக்கும். மற்றவர்களுடைய கார்டுகளையெல்லாம் அன்று காலையிலேயே அவன் நிறுத்திவிட்டிருந்தான்.

முதலில் அது வேலையாகவே தெரியவில்லை. வாழ்நாளில் இவ்வளவு லேசான பாரம் அவர் கைக்கு வந்ததில்லை. ஒரு விரல், ஒரு தட்டு. தட்டினால் வெள்ளை எழுத்து ஒரு வரி கீழே இறங்கும், கட்டம் கண்சிமிட்டும். மனதுக்குள் ஒரு பழைய பாட்டை ஓடவிட்டு, அது முடிவதற்குள் தட்டினார். பாட்டின் சொல் மறந்துபோன இடத்தில் பயம் வந்து இன்னொரு தட்டு தட்டினார். பிறகு பாட்டையே விட்டுவிட்டு, மூச்சை எண்ணித் தட்ட ஆரம்பித்தார்.

பசித்தது. பை ஆணியில் தொங்கியது; வீட்டுக்காரி அடைத்துக் கொடுத்த அடுக்குப் பாத்திரம், ஆளைப் போலவே கனமானது. கையை நீட்டியவர் பலகையைப் பார்த்துவிட்டுக் கையை மடக்கிக்கொண்டார். பார்க்க ஆளில்லை என்பது உண்மைதான். ஆனால் எழுதியிருக்கிறதே. எழுத்துத் தெரியாத காலமாக இருந்தால் சாப்பிட்டிருக்கலாம்.

குளிர் முதலில் காதுக்கு வந்தது, அப்புறம் முட்டிக்கு. குளிர் வந்தால் கூடவே வருவது அடுத்த அவஸ்தை. கழிப்பறை மாடிப்படிக்குப் பக்கத்தில்தான். ஆனால் கதவைத் தாண்டினால் தாண்டியதுதான். திரும்ப உள்ளே வர வழியில்லை. காலை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். நிற்பது இத்தனை சுகமான காரியம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தம்பியின் போன் வந்தது. "அண்ணே, முதலாளியம்மா தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டாங்களாம். பீரோ சாவியும் கையோட போயிருக்கு. வந்துருவாங்கன்னு வேலைக்காரம்மா சொல்றாங்க. படியில உட்காந்திருக்கேன்."

"தங்கச்சி வீடு எங்க?"

"அதச் சொல்ல மாட்டாங்களாம். வீட்டு விவரம் யாருக்கும் குடுக்கக் கூடாதாம்."

"அதையும் நீங்கதான் சொன்னீங்களா?"

தம்பி போனை வைத்துவிட்டான்.

வெளியே ஒரு சீட்டி சத்தம். தூணுக்கு முதுகு நிமிர்ந்தது. மேற்பார்வையாளர் ஆளைக் கூப்பிடுவதும் சீட்டிதான், நிறுத்துவதும் சீட்டிதான். அதனால் விசில் என்று பெயர். கண்ணாடியில் அவர் முகம் வந்து ஒட்டியது. கார்டைத் தேய்த்தார், சிவப்பு விளக்கு. சட்டையில் துடைத்துவிட்டுத் தேய்த்தார், மறுபடி சிவப்பு.

"யோவ் தூணு. நீ என்னய்யா உள்ள? கதவத் திற."

"எழுந்திரிக்கக் கூடாது சார்."

"யாரு சொன்னா?"

"கம்ப்யூட்டர் தம்பி."

"நான் வீட்ல இருந்து லோடு பாக்கப் போனா உள்ள விட மாட்டேங்குது. என்ன பண்ணி வெச்சிருக்கான் அவன்?"

"சாத்தியிருக்காரு சார்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்தான். அவருக்கும் சேத்து."

விசில் கண்ணாடியில் நெற்றியை வைத்துத் திரையை எட்டிப் பார்த்தார். "இதுக்குப் போயி ஒரு ஆள உட்கார வெச்சிருக்கானா? திறய்யா. ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணா எல்லாம் சரியாயிடும்."

தூணுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் ஆஃப் என்றால் என்ன என்று தெரியும்.

"முடியாது சார்."

"திங்கட்கிழமை உன்ன வெளிய நிக்க வெச்சிருவேன்."

"நான் எப்பவும் நிக்கிறவன்தானே சார்."

வம்புக்குச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. விசில் கதவை ஒரு உதை உதைத்தார். கதவு அசையவில்லை. தூண் ஒரு தட்டு தட்டினார். கொஞ்ச நேரம் படியில் சீட்டி சத்தம் கேட்டது, பிறகு அதுவும் இறங்கிப் போய்விட்டது. அந்தக் கதவை அத்தனை நேரம் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்த தூண், அன்றைக்கு ஒரே ஒரு தடவை அதற்கு நன்றி சொல்லிக்கொண்டார்.

ஜன்னல் இல்லாத அறையில் வெயில் சாய்வது தெரியாது. போனில் மணி பார்ப்பார், தட்டுவார், மறுபடி பார்ப்பார். தம்பியைக் கூப்பிட்டார், இன்னும் படியில்தான் இருந்தான். இரண்டு தலையிலும் நெருப்பு வைத்த குச்சிக்கு நடுவில் எறும்பு நிற்கும் என்பார்களே, அந்த எறும்பு எதை நினைத்துக்கொண்டு நின்றிருக்கும் என்று அவருக்கு அப்போது தெரிந்துபோயிற்று. ஒரு பக்கம் மகள். இன்னொரு பக்கம் பையனின் நடுங்குகிற உதடு. அவனுக்குப் பின்னால், ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலில் வரிசையில் நிற்கிற ஜனங்கள். லாரியோடு போகும்போதெல்லாம் அவர்களைப் பார்த்திருக்கிறார். பெட்டி இறங்குவதைக் கண்டதும் அந்த வரிசை லேசாக ஆடும்.

வீட்டுக்காரியின் போன் வந்தது.

"ஏங்க, வேன் வந்துருச்சு. எங்க இருக்கீங்க?"

அவர் ஒரு தட்டு தட்டினார்.

"நினைச்சேன். நம்ம கல்யாணத்துக்கே லோடு இறக்கிட்டுச் சாக்குத் தூசியோட வந்த மனுஷன்தானே நீங்க. இருங்க, அவகிட்ட நீங்களே சொல்லுங்க. என்னால சொல்ல முடியாது."

மகள் வாங்கினாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"என்னப்பா, லாரி வந்துருச்சா?"

"லாரி இல்லம்மா." ஒரு தட்டு தட்டினார். "கதவு ஒண்ணு இருக்கு. அதத் திறந்து வெச்சுக்கிட்டு உட்காந்திருக்கேன்."

"என்னது?"

சொன்னார். பையன் சொன்னதை, புரிந்தமட்டும், புரியாததைப் புரியாதபடியே சொன்னார். மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் யாரோ பெட்டிகளை வேன் மேலே தூக்கிப்போடுகிற சத்தம். அந்தப் பெட்டியை அப்படிப் போடக் கூடாது, படுக்கவைக்க வேண்டும் என்று அவருக்குக் கை பரபரத்தது.

"சரிப்பா. கிடங்கு வழியாத்தானே போறோம். ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறேன்."

இத்தனை வருஷமாக அவர்தான் நேரம் கடந்து போய்க் கம்பி வழியாகப் பார்ப்பார். இன்றைக்குக் கண்ணாடி வழியாக அவள் முகம் தெரிந்தது. புதுத் துணி, தலை வாரியிருந்தாள், நெற்றியில் வேர்வை. அவர் ஒரு தட்டு தட்டிவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்து அவளை இழுத்துக்கொண்டு, அதே ஓட்டத்தில் திரும்பி நாற்காலியில் விழுந்தார்.

"மெதுவாப்பா. என்ன இது, ஐஸ் பெட்டி மாதிரி இருக்கு."

"மெஷினுக்குச் சூடு ஆகாதாம்."

"மனுஷனுக்குக் குளிர் ஆகாட்டியும் பரவாயில்லையாம்." அவர் கையைத் தொட்டுப் பார்த்தாள். "விரல் நீலமாயிருக்கு. சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு ஆச்சு."

பை கனமாகத் தொங்குவதை அவள் பார்த்தாள். கீழே வேன் ஒரு தடவை குரல் கொடுத்தது. வேனில் இன்னும் மூன்று குடும்பத்துப் பெண்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே விமானம்.

"அந்தத் தம்பி எப்ப வருவாரு?"

"அந்தம்மா வந்தா வருவாப்ல. நீ கிளம்பும்மா. நேரமாச்சு." தட்டினார். "அங்க போயி குளிருக்கு நல்லாப் போத்திக்க. பாரம் தூக்கினா முதுக வளைக்காத, முட்டிய மடக்கித் தூக்கு. பெரியவங்களத் தூக்கினாலும் அப்படித்தான்."

அவருக்குத் தெரிந்த புத்திமதி அவ்வளவுதான். மகள் அசையாமல் நின்றாள்.

"அப்பா, வெளிய போனா என்ன ஆகும்?"

"போனா திரும்பி உள்ள வர முடியாதும்மா."

"அந்தத் தம்பிகிட்ட கார்டு இருக்குல்ல?"

"அவரு ஒருத்தர்கிட்டதான் இருக்கு."

"அப்ப அவரு வந்துருவாரு. வேற யாரும் வர முடியாது." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "நீங்க திரும்பி வரணும்னு யாருப்பா சொன்னா?"

அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். மத்தியானத்திலிருந்து அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உள்ளே விடாத கதவாகத்தான் பார்த்தார். கைப்பிடி தன் பக்கம் இருப்பது கண்ணில் பட்டும் மனதில் படவில்லை. முப்பது வருஷமாக எங்கே போனாலும் திரும்பி வந்து நிற்கிற இடம் இது. வராமல் போகலாம் என்கிற யோசனை அவர் புத்தியின் வாசலுக்கே வந்ததில்லை.

வேன் மறுபடி குரல் கொடுத்தது. இந்தத் தடவை கொஞ்சம் நீளமாக.

தூண் எழுந்தார். ஆணியிலிருந்து பையை எடுத்து, அடுக்குப் பாத்திரத்தை வெளியே எடுத்தார். பாரம் எங்கே உட்காரும், எங்கே சரியும் என்று அவருக்குப் புத்தியைவிடக் கைக்கு நன்றாகத் தெரியும். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடித்து, பொத்தானுக்குப் பக்கத்து இடத்தில் மெத்தை கொடுத்தார். பாத்திரத்தின் அடி விளிம்பு என்டர் பொத்தானில் மட்டும் படும்படி சாய்த்து, அதன் முதுகைத் திரையின் காலில் முட்டுக்கொடுத்து வைத்தார். கையை எடுக்கவில்லை. வெள்ளை எழுத்து மழை மாதிரிக் கீழே கீழே ஓடியது. திரை திணறும், அணையும் என்று பார்த்தார். அது பாட்டுக்கு ஓடியது.

மெல்லக் கையை எடுத்தார். லாரியில் கடைசிப் பெட்டியை அடுக்கியதும் செய்வதுபோல, ஒரு விரலால் பாத்திரத்தை லேசாகத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. அழைத்துச் சொல்லிவிடலாம் என்று தம்பிக்குப் போன் போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டார், எடுக்கவில்லை.

"அப்பா."

"வர்றேன். நட."

கதவு அவர் பின்னால் சாத்திக்கொண்டது. கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். திறக்கவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தார். பாத்திரம் உட்கார்ந்திருந்தது, அவர் இடத்தில். இனி நழுவினால் நழுவியதுதான். ஊர் மொத்தத்துக்கும் சாத்திய கதவு இப்போது அவருக்கும் சாத்தியாகிவிட்டது.

கழிப்பறைக்கு ஓடியதை மகள் பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

வேனில் வீட்டுக்காரி நகர்ந்து இடம் கொடுத்தாள். "யாருங்க நீங்க, வழி தவறி வந்துட்டீங்களா?" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தது தூசிக்காக இருக்கலாம். மகள் அவருக்கும் அம்மாவுக்கும் நடுவில் புகுந்து உட்கார்ந்தாள்.

வண்டி ஓடியது. கடைகளில் விளக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள். மகள் பக்கத்தில் இருக்கிறாள், தோளோடு தோள் உரசுகிறது, ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. மனம் மட்டும் அந்த அறைக்குள்ளேயே கிடந்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டி தூக்கிப்போடும்போது, அங்கே பாத்திரம் சரிகிற மாதிரி அவருக்கு இருந்தது. குளிரில் வேர்த்து வழுக்கியிருக்குமோ. துணி நழுவியிருக்குமோ. ஊசி மருந்துக்கு நிற்கிற வரிசை கண்ணுக்குள் ஆடியது. நான் இருக்கேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தவன். மகளிடம் சொல்லிச் சொல்லித் தவறிய சொல்லை, இன்றைக்கு ஊரான் பிள்ளையிடம் தவறியாயிற்று.

வலது கை விரல் முட்டியின்மேல் தானாகத் தட்டிக்கொண்டிருந்தது. மூச்சை எண்ணி, ஒரு தட்டு. மறுபடி எண்ணி, ஒரு தட்டு. மகள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் உள்ளங்கையை அந்த விரலின்மேல் வைத்து அழுத்தினாள்.

"இந்தாங்க. பாரம் வெச்சாச்சு."

அவர் கையை அப்படியே விட்டுவிட்டார்.

விமான நிலையத்துக்குத் திரும்புகிற பாலத்தில் ஏறும்போது போன் அடித்தது. தம்பி. இடது கையால் எடுத்துக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் மெஷின் அறையின் இரைச்சல். மூச்சு வாங்குகிற சத்தம்.

"அண்ணே."

"சொல்லுங்க தம்பி."

"பாத்திரம் வெச்ச இடத்துலயே நிக்குது, இவ்ளோ கனமா. மத்தியானச் சாப்பாடே சாப்பிடலையா நீங்க?"

தூண் கண்ணை மூடிக்கொண்டார். அரை நாளாக உள்ளே பிடித்துவைத்திருந்த மூச்சு ஒன்று வெளியே போயிற்று.

"உள்ள சாப்பிடக் கூடாதுன்னு எழுதியிருந்துச்சுப்பா" என்றார்.